மான்ட்ரியலுக்குப் பின்: வனெஸா ஃபெராரி முன் இருந்த மூன்று வழிகள்

2017 அக்டோபரில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த ஜிம்னாஸ்டிக்ஸ் உலகச் சாம்பியன்ஷிப்பில், ஃப்ளோர் என்ற தரை ஆட்டத்தின் இறுதிச் சுற்றின் நடுவே இத்தாலியின் வனெஸா ஃபெராரிக்குக் குதிகால் நாண் அறுந்தது. கெண்டைத் தசையைக் குதிகால் எலும்போடு இழுத்துக் கட்டியிருக்கும் இந்த நாணை மருத்துவர்கள் அக்கிலிஸ் என்பார்கள். நடக்கும்போது நாம் அதை நினைப்பதே இல்லை. ஆனால் ஓடிவந்து, கைகளை ஊன்றிப் புரண்டு, பின்னோக்கி எழும்பி, அந்தரத்தில் இருமுறை கரணமடிக்கும் ஒருவருக்கு, தரையை விட்டுக் கிளம்பும் அந்த ஒரு கணத்தின் பாரம் வந்து விழுவது அந்த நாணின் மீதுதான். முதலில் அறுவைச் சிகிச்சை, பிறகு நடைப் பழக்கம், அதன் பிறகு ஓட்டம், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் குதிப்பு என்பதே இக்காயத்திலிருந்து மீளும் ஒழுங்கு. மான்ட்ரியலில் அடிபட்டபோது ஃபெராரி 27 வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் அந்த வயதில் பெரும்பாலோர் களத்தை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அந்த இலையுதிர்காலத்தில் அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. ஓய்வை அறிவித்துவிடலாம். வால்ட் (ஓடிவந்து மேசையைத் தாண்டுவது), பார்ஸ் (இரட்டைக் கம்பி), பீம் (குறுகிய உத்தரம்), ஃப்ளோர் ஆகிய நான்கு கருவிகளிலும் மீண்டும் தேறி, டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான இத்தாலிய அணியில் ஓர் இடத்துக்குப் போட்டியிடலாம். மற்ற மூன்றையும் விட்டுவிட்டு ஃப்ளோரை மட்டும் கையில் எடுத்து, உலகக் கோப்பைத் தொடர் வழியாகத் தம் பெயரில் ஒரு தனி இடத்தைத் தேடலாம். அவர் எதைத் தேர்ந்தார், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். விளைவு தெரிந்த பிறகு ஒரு முடிவைப் பாராட்டுவது எளிது. அது நியாயமான எடைபோடல் ஆகாது. ஆகவே 2017 இறுதியில் அவருக்கும் அவருடைய பயிற்சியாளர் என்ரிகோ கசெல்லாவுக்கும் என்னென்ன தெரிந்திருக்க முடியுமோ, அவற்றை வைத்தே இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் அவருடைய கையிருப்பைப் பார்க்க வேண்டும். ஃபெராரி 1990 நவம்பர் 10 அன்று லொம்பார்டியில், பிரேஷா மாகாணத்தின் ஓர்ட்சினுவோவி என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை இத்தாலியர், தாய் பல்கேரியர். பிரேஷா நகரின் பிரிக்சியா கழகத்தில் கசெல்லாவிடம் வளர்ந்தார். 2006இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், பதினாறு வயது நிறைவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், நான்கு கருவிகளுக்கும் சேர்த்து வழங்கப்படும் ஆல்ரவுண்ட் பட்டத்தை வென்றார். இத்தாலியப் பெண் ஒருவர் அப்பட்டத்தை வெல்வது அதுவே முதல்முறை. அந்த இறுதிச் சுற்றில் அவர் பீமிலிருந்து விழுந்தார் என்பதை நினைவில் வைக்க வேண்டும். விழுந்தும் 61.025 புள்ளிகள் பெற்று, அமெரிக்காவின் ஜானா பீகரை 0.275 வித்தியாசத்தில் முந்தினார். பத்துக்குப் பத்து என்ற பழைய முறை கைவிடப்பட்டு, கடினத்துக்குத் தனி மதிப்பெண்ணும் நேர்த்திக்குத் தனி மதிப்பெண்ணும் இட்டுக் கூட்டும் புதிய முறை வந்த ஆண்டு அது. கடினமான ஆட்டத்தைத் துணிந்து வைத்திருந்தவர் ஒருமுறை விழுந்தாலும் எழுந்து வெல்லலாம் என்பதை ஆர்ஹுஸ் காட்டியது. மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஐரோப்பிய ஆல்ரவுண்ட் பட்டமும் ஃப்ளோர் தங்கமும் அவருக்கே கிடைத்தன. அதே ஆண்டு ஸ்டுட்கார்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆல்ரவுண்ட் வெண்கலத்தைப் பிரேசிலின் ஜேட் பார்போசாவுடன் பகிர்ந்துகொண்டார்.

அதன் பிறகு காலில் தொடங்கிய காயங்கள் அவரை விடவில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து அவர் பதக்கமின்றித் திரும்பினார். ஆல்ரவுண்டில் உலக முதன்மையை அவர் மறுபடி எட்டவில்லை என்றாலும், ஃப்ளோரில் மட்டும் அவருடைய தரம் குறையவே இல்லை. 2013இல் ஆன்ட்வெர்ப்பில் சிமோன் பைல்ஸுக்கு அடுத்ததாக உலக வெள்ளி, 2014இல் தாயின் நாடான பல்கேரியாவில், சோஃபியா நகரில் ஐரோப்பியத் தங்கம் என்று பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு மீட்டர் அளவுள்ள அந்தச் சதுரத்தில் அவர் ஆண்டுதோறும் முன்வரிசையில் நின்றார்.

ஒலிம்பிக் என்று வந்தால் மட்டும் கதை வேறு. 2012இல் லண்டன் ஃப்ளோர் இறுதிச் சுற்றில் ஃபெராரி 14.900 பெற்றார். ரஷ்யாவின் அலியா முஸ்தஃபினாவும் அதே 14.900. மேலே அலி ரைஸ்மனும் கேத்தலினா பொனோரும் தங்கத்தையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்டிருந்ததால், எஞ்சியது ஒரே வெண்கலம். ஒலிம்பிக் விதிப்படி, மொத்தப் புள்ளி சமமாக இருந்தால் நேர்த்தி மதிப்பெண்ணில் உயர்ந்தவருக்கே பதக்கம். ஃபெராரியின் ஆட்டத்தில் கடினம் 6.2, நேர்த்தி 8.7, முஸ்தஃபினாவுடையதில் கடினம் 5.9, நேர்த்தி 9.0. கூடுதல் கடினத்தைச் சுமந்து வந்தவர் நான்காமிடத்தில் நின்றார். அந்த இரு வரிசை எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும். தவறு என்று சுட்ட ஒன்றுமில்லை. விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. இருந்தும் இருவரும் ஒரே எண்ணை அடைந்திருந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ரியோவில் அதே ஃப்ளோரில் மறுபடி நான்காமிடம். பிரிட்டனின் எமி டிங்க்லர் 14.933 பெற்று வெண்கலம் கொண்டுபோனார்; ஃபெராரிக்கு 14.766. அதே ரியோவில் வால்ட்டில் தீபா கர்மாகர் நான்காமிடத்தில் நின்ற இரவை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான்காமிடம் எப்படி வலிக்கும் என்று நமக்கு அன்று தெரிந்தது. ஃபெராரிக்கு அது இரண்டாம் முறை.

ஆக, மான்ட்ரியலில் அடிபட்டவரின் கணக்கில் ஓர் உலகப் பட்டமும் ஐரோப்பியத் தங்கங்களும் இருந்தன. மூன்று ஒலிம்பிக்கில் பங்கேற்றும் ஒரு பதக்கம்கூட இல்லை. மூன்று வழிகளையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

ஓய்வு பெறுவதற்கான வாதம் மிக வலிமையானது. அதைச் சிலர் லேசாகத் தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை. அறுந்த நாண் மீண்டும் இணைந்தாலும், அது பழைய விசையோடு தரையைத் தள்ளும் என்று யாரும் உறுதியளிக்க முடியாது. ஒரு காலைக் காப்பதற்காக மற்றக் காலின் மீது பாரத்தைப் போடும் பழக்கம் வந்துவிட்டால், இரண்டாம் காயம் மறுகாலில் வரும். டோக்கியோ நடக்கும்போது அவருக்கு 29 வயது ஆகியிருக்கும். பதினைந்து வயதில் எட்டிய உச்சத்துக்குப் பிறகு பத்தாண்டுகளாக உடல் கேட்ட விலையை அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார். இதற்கு மேல் ஒன்றும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லியிருந்தால், அது அன்பான சொல்லாகவே இருந்திருக்கும். வாழ்வாதாரம் என்ற கோணமும் உண்டு. இத்தாலியில் பல விளையாட்டு வீரர்கள் ராணுவம், காவல் துறை போன்றவற்றின் விளையாட்டுப் பிரிவுகளில் பணியில் இருக்கிறார்கள். ஃபெராரியும் ராணுவத்தின் விளையாட்டுப் பிரிவைச் சேர்ந்தவர். போட்டியைத் தொடர்ந்தால்தான் சாப்பாடு என்ற நிலை இல்லை. தொடர விரும்பினால் அதற்கும் அந்த ஏற்பாடு இடம்கொடுத்தது. ஆகவே இந்த முடிவைப் பணம் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய உடலும் விருப்பமும் மட்டுமே தீர்மானிக்கலாம்.

ஓய்வுக்கு எதிரான வாதமாக நான் கருதுவது ஒன்றுதான். அவர் தோற்று விலகவில்லை. இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்தார். உலகின் சிறந்த எட்டுப் பேரில் ஒருவராக அன்று ஃப்ளோரில் நின்றவருக்கு, தம் தரம் போய்விட்டது என்று சொல்ல எந்த மதிப்பெண்ணும் இல்லை. போனது காலின் நாண். அது திரும்புமா என்பதைச் சோதிக்காமலே கதவைச் சாத்துவது, மருத்துவக் கேள்விக்கு விளையாட்டின் பெயரால் விடை சொல்வதாகும். ஓராண்டு முயன்று பார்த்துவிட்டு நிறுத்தினாலும் ஓய்வு என்ற வழி அப்படியே காத்திருக்கும். இன்று ஓய்வை அறிவித்தாலோ மற்ற இரண்டு வழிகளும் அன்றே அடைபடும். மூன்றில் தள்ளிப்போடக்கூடியது அது ஒன்றே என்பதால், அதை முதலில் எடுக்கத் தேவையில்லை.

இரண்டாம் வழி, நான்கு கருவிகளோடு அணிக்குத் திரும்புவது. பெருமைக்குரியதாகத் தோன்றும் வழி இதுவே. முன்னாள் உலக ஆல்ரவுண்ட் சாம்பியன் தம் பழைய வடிவத்தில் திரும்புகிறார் என்று எழுதுவதற்கு எந்த நிருபருக்கும் ஆசை வரும். ஆனால் எண்களைப் பார்த்தால் மூன்றிலும் பலவீனமான வழி இதுவே. டோக்கியோவுக்கு ஓர் அணியில் நான்கு பேர் மட்டுமே என்று விதி மாற்றப்பட்டிருந்தது. பெய்ஜிங்கில் ஆறு பேர் இருந்தனர், லண்டனிலும் ரியோவிலும் ஐந்து பேர். அணி இறுதியில் ஒவ்வொரு கருவியிலும் மூவர் ஆட, மூவர் புள்ளியும் சேரும். நான்கு கருவிகளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள். அவற்றை நான்கு பேர் பங்கிட்டால் சராசரியாக ஒருவருக்கு மூன்று. ஒரே கருவியில் சிறந்தவருக்கு இத்தகைய அணியில் இடம் கிடைப்பது அரிது. அணிக்குள் நுழைய வேண்டுமென்றால் ஃபெராரி குறைந்தது மூன்று கருவிகளிலாவது உலகத் தரத்தில் இருக்க வேண்டும்.

அங்கே அவர் யாரோடு போட்டியிட வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதே பிரிக்சியா கழகத்தில், அதே கசெல்லாவின் பயிற்சியில், ஜோர்ஜியா வில்லா, இரட்டையரான ஆசியா டாமாட்டோ, அலிச்சே டாமாட்டோ, எலிசா இயோரியோ ஆகியோர் வளர்ந்துகொண்டிருந்தார்கள். நால்வரும் 2003இல் பிறந்தவர்கள். ஃபெராரி ஆர்ஹுஸில் பட்டம் வென்றபோது அவர்களுக்கு மூன்று வயது. 2018இல் கிளாஸ்கோவில் இளையோர் ஐரோப்பிய அணித் தங்கத்தை இத்தாலி வென்றது. அதே ஆண்டு புவெனஸ் ஐரஸ் இளையோர் ஒலிம்பிக்கில் வில்லா ஆல்ரவுண்ட் தங்கம் வென்றார். அலை அலையாக வந்துகொண்டிருந்த இவர்களை நான்கு கருவிகளிலும் முந்துவதற்கு, அறுந்து தைத்த நாணோடு இருக்கும் 28 வயதுக்காரர் எவ்வளவு பயிற்சி செய்ய வேண்டும்? ஒவ்வொரு கருவியும் ஒரு தரையிறக்கத்தில் முடிகிறது என்பதை மறக்கக் கூடாது. பார்ஸில் கைகள்தாம் வேலை செய்கின்றன என்றாலும், கடைசியில் கம்பியை விட்டுச் சுழன்று விழும்போது தாங்குவது கால்கள். பீமிலிருந்து இறங்குவதும் அப்படித்தான். வால்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கருவிகளைக் கூட்டக் கூட்ட, அந்த நாண் ஒரு வாரத்தில் வாங்கும் அடிகளும் கூடும்.

போதாக்குறைக்கு, தகுதி விதியில் ஒரு பொறி இருந்தது. 2019 உலகச் சாம்பியன்ஷிப்பில் அணியில் ஆடி, அந்த அணி ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றால், அதில் ஆடியவர்கள் உலகக் கோப்பைத் தொடர் வழியாகத் தம் பெயரில் தனி இடம் பெற முடியாது. அணிக்கு உதவப் போனால் தனி வழி அடைபடும். ஆனால் அணி தகுதி பெற்றாலும், ஒலிம்பிக்கிற்குச் செல்லும் நால்வரில் அவர் இருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஸ்டுட்கார்ட்டில் 2019 அக்டோபரில் இத்தாலியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. 1950க்குப் பிறகு அவர்கள் பெற்ற முதல் உலக அணிப் பதக்கம் அது. ஃபெராரி அந்த மேடையில் இல்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது அவர் ஓரங்கட்டப்பட்டதைப் போலத் தெரிந்திருக்கலாம். உண்மையில், அந்த அணியில் அவர் இல்லாததால்தான் மூன்றாம் வழி அவருக்குத் திறந்தே இருந்தது.

இனி மூன்றாம் வழி. ஒலிம்பிக்கிற்குத் தனியாளாக நுழைவதற்கு, கருவி வாரியான உலகக் கோப்பைத் தொடரைப் பன்னாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு முதன்முறையாக ஒரு வாயிலாக வைத்தது. 2018 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை கோட்பஸ், மெல்போர்ன், பாகு, தோஹா ஆகிய நகரங்களில் மொத்தம் எட்டுப் போட்டிகள். அவற்றில் ஒருவரின் சிறந்த மூன்று முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். ஒவ்வொரு கருவியிலும் முதலிடம் பெறும் ஒருவருக்கு ஒலிம்பிக் இடம்.

இந்த விதியை ஃபெராரியின் காலோடு பொருத்திப் பாருங்கள். அறுவைச் சிகிச்சை 2017 இறுதியில். தொடர் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு. எட்டில் மூன்று போதும் என்பதால், தொடக்கப் போட்டியைத் தவறவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. உடல் ஒத்துழைக்காத வாரத்தில் ஒதுங்கி நிற்கலாம். ஒரு போட்டியில் எல்லைக்கோட்டைத் தாண்டினாலும், விழுந்தாலும், அந்த முடிவைக் கணக்கிலிருந்து கழித்துவிடலாம். அணித் தேர்வில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட ஆட்டம் சரியாக வர வேண்டும். இரண்டாவதாக, அவருடைய பதக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், 2006 உலக வெண்கலம் தொடங்கி 2014 ஐரோப்பியத் தங்கம் வரை ஃப்ளோர் மீண்டும் மீண்டும் வருகிறது. இரண்டு ஒலிம்பிக் நான்காமிடங்களும் அங்கேதான். மூன்றாவதாக, இங்கே அவர் யாருடைய இடத்தையும் பறிக்க வேண்டியதில்லை. நான்கு பேர் கொண்ட அணிக்கு வெளியே, நாட்டுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் இடம் இது. கழகத்தின் இளையவர்கள் அணியைக் கட்டட்டும், மூத்தவர் தம் வழியில் வரட்டும் என்பது கசெல்லாவைப் போல் கழகப் பயிற்சியையும் தேசிய அணியின் பொறுப்பையும் ஒருசேரச் சுமந்தவருக்கு நிம்மதியான ஏற்பாடாக இருந்திருக்கும்.

இவ்வழியின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுந்த குதிகால் நாணுக்கு மிக ஆபத்தான கருவி ஃப்ளோர்தான். வயது கடந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை என்றதும் எல்லோரும் நினைக்கும் ஒக்சானா சுசோவிட்டினா வால்ட்டைத் தேர்ந்தவர். 2008இல் 33 வயதில் ஜெர்மனிக்காக வால்ட்டில் ஒலிம்பிக் வெள்ளி வென்றார். இறுதிச் சுற்று ஒன்றில் அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு ஓட்டங்கள், இரண்டு எழுச்சிகள், இரண்டு தரையிறக்கங்கள். ஃப்ளோரிலோ தொண்ணூறு விநாடிக்குள் கரண வரிசைகள் பல. ஒவ்வொன்றிலும் எழுச்சியும் தரையிறக்கமும். இடையில் நடனம், சுழற்சி, தாவல். மூச்சு வாங்கும் கடைசி நொடிகளில் மறுபடி ஒரு கரண வரிசை. களைத்த கெண்டைத் தசைதான் நாணைக் கைவிடும். மான்ட்ரியலில் நாண் அறுந்ததும் இதே கருவியில். அப்படியிருக்க, அடித்த இடத்துக்கே திரும்பிப் போவது விவேகமா என்று கேட்டால், என் விடை இதுதான்: நான்கு கருவிகளில் ஃப்ளோரும் ஒன்று என்றால் ஆபத்து கூடுகிறது, நான்கில் ஃப்ளோர் மட்டும் என்றால் ஆபத்து ஒரே இடத்தில் நிற்கிறது, அதை எண்ணி அளந்து கொடுக்க முடிகிறது. வாரத்துக்கு எத்தனை முழு ஆட்டம், எத்தனை முறை மெத்தைக் குழியில் மென்மையான தரையிறக்கம், எத்தனை நாள் ஓய்வு என்று ஒரே கருவிக்கு வகுப்பது சாத்தியம்.

உடலைச் சாராத குறை ஒன்றும் உண்டு. ஒரு நாட்டிலிருந்து ஒரு கருவிக்கு ஒருவர்தான். இத்தாலியில் ஃப்ளோரில் மற்றொரு சிறந்தவர் இருந்தார்: டஸ்கனியின் மொன்டேவார்கியைச் சேர்ந்த லாரா மோரி, 1998இல் பிறந்தவர். ஃபெராரி தனி வழியைத் தேர்ந்தால், உலகத்தோடு போட்டியிடுவதற்கு முன் தம் நாட்டுச் சகவீராங்கனையோடு மாதக்கணக்கில் போட்டியிட வேண்டும். ஒருவருடைய நல்ல நாள் மற்றவருக்கு இழப்பாகும். அணி வழியில் இப்படி ஒருவருக்கு எதிராக ஒருவர் என்ற நேரடிக் கணக்கு இல்லை. தனி வழியின் உண்மையான விலையாக நான் காண்பது இதையே; குதிகாலைவிட இதுதான் உறுத்தியிருக்கும்.

தீபா கர்மாகரும் இதே உலகக் கோப்பை வாயிலைத்தான் நம்பினார். 2019இல் பாகுவில் முழங்கால் அவரை நிறுத்தியது. இந்த வழி எவ்வளவு குறுகலானது என்பதற்கு அதுவே சான்று.

இவற்றையெல்லாம் ஒரு தராசில் வைத்தால், 2017இல் தெரிந்தவற்றைக் கொண்டே மூன்றாம் வழியைத் தேர்ந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஓய்வு தள்ளிப்போடக்கூடியது. அணி வழி அதிக பாரம் கேட்டு, குறைந்த உறுதி தருவது. ஃப்ளோர் வழி ஆபத்தானது, குறுகலானது, ஒரு தோழியோடு மோத வைப்பது; ஆனால் அவருடைய பலமும் விதியின் சலுகையும் நாட்காட்டியும் ஒன்றுசேர்ந்த இடம் அது மட்டுமே.

ஃபெராரி அதையே தேர்ந்தார். 2019 தொடக்கத்தில் உலகக் கோப்பைப் போட்டிகளுக்குத் திரும்பினார். பிறகு எவரும் எண்ணிப்பார்க்காத ஒன்று நடந்தது. 2020 மார்ச்சில் பாகு போட்டி தகுதிச் சுற்றோடு நின்றது, தோஹா போட்டி தள்ளிப்போனது, ஒலிம்பிக்கே ஓராண்டு தள்ளிப்போனது. பிரேஷா அந்த மாதங்களில் இத்தாலியிலேயே மிகக் கொடிய தொற்றுப் பரவலைச் சந்தித்த மாகாணங்களுள் ஒன்று. 30ஐ எட்டப்போகிறவருக்கு ஓராண்டு என்பது சிறிய காலமல்ல. இருபது வயதுக்காரருக்கு அது வளர்ச்சி, இவருக்கு அது தேய்மானம். 2021 ஏப்ரலில் பாசெல் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் ஃப்ளோர் வெண்கலம் வென்றபோதுதான் கால் தாங்குகிறது என்பது ஊரறிந்தது. ஜூனில் ஒருவழியாக நடந்த தோஹா போட்டியில் தங்கம் வென்று, தொடரின் ஃப்ளோர் இடத்தைத் தம் பெயரில் எழுதிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஒப்பீடும் எளிதாக முடிந்திருக்கும். ஆனால் ஜூலையில், ஒலிம்பிக்கிற்குச் சில வாரங்களுக்கு முன், தேசியச் சாம்பியன்ஷிப்பில் ஜோர்ஜியா வில்லாவின் கணுக்காலில் காயம் ஏற்பட்டது. அணியில் ஓர் இடம் காலியானது. இப்போது புதிய தேர்வு: ஃபெராரி தம் தனி இடத்திலேயே இருப்பதா, அணியின் நான்காம் இடத்துக்கு மாறுவதா?

தனி இடத்தில் இருந்தால் கவலை ஒன்றுதான்: தகுதிச் சுற்றில் ஒரு ஃப்ளோர், தேறினால் இறுதியில் ஒரு ஃப்ளோர். அணிக்கு மாறினால், இடையில் அணி இறுதியிலும் ஆட வேண்டியிருக்கும். அதே கால் ஒரு முழு ஆட்டத்தைக் கூடுதலாகத் தாங்க வேண்டும். ஆனால் கணக்கு இம்முறை அணியின் பக்கம் சாய்ந்தது. ஆசியா, அலிச்சே, மார்ட்டினா மாஜ்ஜோ ஆகிய மூவரும் நான்கு கருவிகளிலும் ஆடக்கூடியவர்கள். பன்னிரண்டு ஆட்டங்களையும் அவர்களே நிரப்பிவிட முடியும் என்றால், நான்காமவர் ஒரே ஒரு கருவியில் அவர்களைவிடச் சிறந்தவராக இருந்தால் போதும். ஒரு கருவிக்காரருக்கு இடமில்லை என்று நான் மேலே சொன்ன அதே விதி, மற்ற மூவரும் முழுமையானவர்களாக இருக்கும்போது தலைகீழாகிறது. மேலும், ஃபெராரி அணிக்கு மாறியதால் அவர் விட்ட தனி இடம் லாரா மோரிக்குச் சென்றது. மாதக்கணக்கில் ஒரே இடத்துக்காக மோதிய இருவரும் ஒரே விமானத்தில் டோக்கியோ போனார்கள். இத்தனை பக்கமும் நன்மை தரும் முடிவு விளையாட்டில் எப்போதாவதுதான் வாய்க்கும்.

அணி இறுதியில் இத்தாலி நான்காமிடம் பெற்றது. வெண்கலம் பிரிட்டனுக்கு, வித்தியாசம் அரைப் புள்ளிக்கும் குறைவு. ஃபெராரிக்கு இது ஒலிம்பிக்கில் மூன்றாவது நான்காமிடம். ஆனால் ஃப்ளோர் தகுதிச் சுற்றில் அவர் முதலிடத்தில் இருந்தார். 2021 ஆகஸ்ட் 2 அன்று, பார்வையாளர் இல்லாத அரியாக்கே அரங்கில், 30 வயதும் எட்டு மாதமுமான ஃபெராரி அந்தச் சதுரத்தின் மூலையில் நின்றார். மெத்தையின் ஓரத்தில் பாதம் பதித்து, ஒரு கணம் மூச்சை நிறுத்தி, ஓடத் தொடங்கும் அந்த நொடியில் எல்லா எடையும் அந்த நாணுக்கு வருகிறது. அது தாங்கியது. கடினம் 5.9, நேர்த்தி 8.3, மொத்தம் 14.200. அமெரிக்காவின் ஜேட் கேரி 14.366 பெற்றுத் தங்கம் வென்றார். அவரும் அதே உலகக் கோப்பைத் தொடர் வாயிலாக டோக்கியோவுக்கு வந்தவரே. ஃபெராரிக்கு வெள்ளி. ஜப்பானின் மாய் முரகாமியும் ரஷ்யாவின் ஏஞ்சலினா மெல்னிகோவாவும் 14.166 பெற்று வெண்கலத்தைப் பகிர்ந்தார்கள்.

கடைசி இரு எண்களையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையே 0.034. முரகாமி, மெல்னிகோவா, ஃபெராரி மூவருக்கும் கடினம் ஒரே 5.9, ஃபெராரியை மேலே நிறுத்தியது நேர்த்தி. லண்டனில் அவரைக் கீழே தள்ளிய அதே நேர்த்தி மதிப்பெண், ஒன்பது ஆண்டுகள் கழித்து அவரை மேலே தூக்கியது. நான்கு கருவிகளுக்குப் பங்கிட வேண்டிய நாட்களை ஒரே ஆட்டத்தின் விளிம்புகளைத் தேய்த்து மெருகேற்றச் செலவிட்டதன் பலனாகவே நான் இதைப் பார்க்கிறேன். ஃப்ளோர் வழியின் நன்மைகளில் 2017இல் எவரும் முதலில் எழுதியிருக்க மாட்டாத நன்மை இது. இத்தாலியப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் இதற்கு முன் கிடைத்த ஒரே ஒலிம்பிக் பதக்கம் 1928 ஆம்ஸ்டர்டாமின் அணி வெள்ளி. பவியா நகரச் சிறுமிகளின் அந்த அணியில் லுயிஜினா ஜாவோட்டிக்கு வயது 11. அடுத்த பதக்கத்தைக் கொண்டுவந்தவருக்கு வயது 30.

2024 பாரிஸுக்கு முன் இதே கேள்வி மறுபடி எழுந்தது. அவருக்கு வயது 33. ஓய்வு என்ற வழி இருந்தது. அணி வழியும் இருந்தது. இம்முறை அணிக்கு ஐந்து பேர். ஆனால் மூன்றாம் வழி இல்லை. அணியாகத் தகுதி பெற்ற நாடுகளுக்குக் கூடுதல் தனி இடம் கிடையாது என்று விதி மாறிவிட்டது. கருவி வாரியான உலகக் கோப்பைத் தொடர், அணி இல்லாத நாடுகளின் வீராங்கனைகளுக்கு மட்டுமே உதவியது. இத்தாலியோ ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தது. அதற்கு முன் ரியோவுக்கும் இந்த வாயில் இருந்ததில்லை. ஆக, ஒரு வலுவான நாட்டின் ஃப்ளோர் வீராங்கனைக்கு அந்தக் கதவு டோக்கியோ சுழற்சி ஒன்றில் மட்டுமே திறந்திருந்தது. ஃபெராரி நாண் அறுந்து படுத்திருந்ததும் அதே சுழற்சியின் தொடக்கத்தில். பாரிஸுக்கு அவர் செல்லவில்லை. அங்கே ஜோர்ஜியா வில்லா, எலிசா இயோரியோ, அலிச்சே டாமாட்டோ, மனிலா எஸ்போசிட்டோ, ஏஞ்சலா ஆண்ட்ரியோலி ஆகியோர் அணி வெள்ளி வென்றார்கள். அலிச்சே பீமில் தங்கமும் வென்றார்.